கண்ணாடியில் தெரிந்த கன்னம்

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள். இந்தக் கோயில் மண்டபத்துக் குளிரில் ஆறவிட்டால் பிறகு வாயில் வைக்க முடியாது. நான் எங்கேயும் ஓடப்போவதில்லை. ஓடுகிறவன் காலை ரயிலிலேயே ஏறியிருப்பான். பஜாருக்குப் பெரியவர் செல்லசாமி மாமா ஆள் அனுப்பியதும் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நானாகத்தான் வந்து நிற்கிறேன்.

பொலீஸ், கோர்ட் என்று போவதற்கு முன்னால் பஜார் ஆட்களே உட்கார்ந்து ஒருமுறை கேட்பது நம்மிடம் பழைய வழக்கம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பொலீசில் எழுதுகிறவர் நான் சொல்வதில் பாதியைப் பேனாவிலேயே காயவிட்டுவிடுவார். இங்கே எல்லோரும் வியாபாரிகள். ஒருவன் எதற்காக ஒரு காரியம் செய்தான் என்பது உங்களுக்கு விளங்கும்.

அதோ சக்கர நாற்காலியில் நாகரத்தினம் அத்தான் இருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி, என் அக்கா ஜெயந்தினி. அவள் என்னைப் பார்க்காமல் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பரவாயில்லை. அத்தான் என்னைத்தான் பார்க்கிறார். அவர் முகத்தில் கோபம் தெரிகிறதா? தெரியாது. இந்த வியாதியில் முகம் கஞ்சி போட்டுத் தேய்த்த துணி மாதிரி ஆகிவிடும். சிரித்தாலும் தெரியாது, வைதாலும் தெரியாது. குரலும் அப்படித்தான். துணிமேல் துணி உரசுகிற சத்தம்தான் வெளியே வரும். டொக்டர்மார் பார்க்கின்சன் என்பார்கள், நாம் நடுக்குவாதம் என்போம்.

எங்கள் அப்பா நுவரெலியாவில் புடைவைக் கடை வைத்து நொடித்தவர். அக்காவைக் கட்டிய கையோடு அத்தான் என்னையும் ஹட்டனில் தன் புடைவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டார். வியாபாரத்தில் எனக்குத் தெரிந்த நெளிவுசுளிவெல்லாம் அவர் காட்டிக் கொடுத்தது. பேரம் சூடு பிடிக்கும்போது மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பார். வாடிக்கையாள் போனதும், "மாப்ள, மொகத்த பூட்டி வையி. தொறந்து வச்சா சரக்கும் போயிரும், மரியாதையும் போயிரும்" என்பார். இப்போது பாருங்கள், அவர் முகமே நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டது. இதைச் சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. ஆனால் அத்தானே ஒரு காலத்தில் இதற்குச் சிரித்திருப்பார்.

சுற்றி வளைக்காதே என்கிறார் மாமா. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜீவராணியை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். டிக்கோயா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பஸ் ஏறி வருவாள், கடையில் ஜாக்கெட் துணிப் பக்கம் வேலைக்கு நிற்பாள். கலகலவென்று பேசுகிற பிள்ளை. பேசுகிற பிள்ளை என்றால் நாமும் பேசத்தானே செய்வோம்? ஒரு வெள்ளிக்கிழமை காலை, இன்னும் போணி ஆகவில்லை, மேல்தட்டிலிருந்து ஒரு துணிக்கட்டை இறக்க ஏணியில் ஏறினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஏணியை மட்டும்தான் பிடித்தாயா என்று அக்கா பிற்பாடு கேட்டாள். அது ஒரு விளையாட்டு. அதற்கு முன்னாலும் விளையாடியிருக்கிறேன், அவள் கத்தியதே இல்லை. கத்தாதவளுக்கு அதில் கஷ்டம் இருந்தது என்று நான் எப்படிக் கண்டேன்? அன்றைக்கு என்னவோ பாதி ஏணியிலிருந்து குதித்தாள். மணிக்கட்டு உடைந்தது. குதிக்காமல் இருந்திருந்தால் உடைந்திருக்காது.

அத்தான் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையில் இருந்த சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார். வலது கையால் என் கன்னத்தில் ஒன்று வைத்தார். அன்றைக்குக் கடையின் முதல் போணி என் கன்னம்தான். எதிர்ச்சாரியில் கடை திறந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தீர்கள். மாமா, நீங்கள்கூடக் கையில் பூட்டோடு நின்றீர்கள்.

பிறகு அவரே ஆட்டோ பிடித்து அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மத்தியானம் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ரசம் ஊத்திக்க மாப்ள" என்றார். அவருக்கு அத்தோடு முடிந்துபோயிற்று. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அடித்தவர் மறந்துவிட்டு ரசம் ஊற்றுகிறார், வாங்கியவன் தினமும் அந்தத் தெருவில் நடந்து போகவேண்டும். ஜீவராணி அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவில்லை. தன்னால் ஒரு மனிதன் நடுத்தெருவில் அடி வாங்கினானே என்ற வெட்கமாக இருக்கும்.

வியாதியை நான் கொடுக்கவில்லை. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அது தானாக வந்தது. அத்தான் துணி கிழிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கத்தரியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழு. நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழியும். அந்தச் சத்தத்தைக் கேட்கவே தோட்டத்துப் பெண்கள் ஒரு கஜம் கூடுதலாகக் கேட்பார்கள். ஒருநாள் அந்தச் சத்தம் திக்கியது. துணி கோணிக்கொண்டது. வலது கை. எந்தக் கை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு அது கல்லா மேசைமேல் தானாக ஆடத் தொடங்கியது. பெருவிரலும் சுட்டுவிரலும் மாத்திரை உருட்டுகிற மாதிரி. நான் எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். ஆடி மாத மழையில் அடுப்பங்கரையில் குந்தியிருப்பது போல ஓர் இதம். வேறொன்றும் நான் செய்யவில்லை. வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மனுஷன் இவ்வளவுதான் செய்ய முடியும், மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொண்டார் என்று திருப்தியாகவும் இருந்தேன்.

கெடுத்தது கொழும்பு டொக்டர்.

கண்டியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவரிடம் அனுப்பினார்கள். அக்காவுக்கு முழங்கால் வலி, கடையையும் விட முடியாது. அத்தான் பேசுவது நாள் முழுக்கக் கூடவே இருக்கும் என் காதுக்குத்தான் பிடிபடும் என்பதால், "நீயே கூட்டிட்டுப் போயிட்டு வாடா. அவருக்கு வாயி நீதான்" என்றாள். அவள் வாயால் சொன்னது. இப்போது ஞாபகம் இல்லை என்பாள்.

பெரிய டொக்டர் நல்ல மனிதர். சிங்களத்தில் நிதானமாக விளங்கப்படுத்தினார். மூளையின் அடியில் கொண்டைக்கடலையைவிடச் சின்னதாக ஓர் இடம் இருக்கிறது. மண்டையில் துளை போட்டு அங்கே ஒரு மெல்லிய கம்பியை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பற்றரி வைத்து, கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் நடுக்கம் அடங்கிவிடும். வியாதி போகாது, ஆனால் கை கட்டுக்குள் வரும். அதற்கு முன்னால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படம் ஒன்று வேண்டும். அந்தக் கடலை எங்கே இருக்கிறது என்று படம் தெளிவாகக் காட்டினால்தான் குறி வைக்க முடியும். மயிரிழை விலகினால் பேச்சு போகலாம், பார்வை கோணலாம். சோக்குக் கோடு போடாமல் எந்த டெய்லராவது கத்தரியை வைப்பானா? அது மாதிரி.

"இவர் மாத்திரைக்கு நன்றாக இளகிக் கொடுக்கிறார். மாத்திரைக்கு இளகுகிறவர்தான் கம்பிக்கும் இளகுவார். இது நல்ல நேரம், பிந்தினால் பலன் இல்லை" என்றார்.

திரும்பி வரும்போது ரயிலில் அத்தான் என் தோளில் சாய்ந்தார். வட்டவளை தாண்டியதும் உதடு அசைந்தது. குனிந்தேன். "மறுபடி துணி கிழிக்கலாம் மாப்ள" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை, கண்ணில் மட்டும் தண்ணீர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கையைச் சுகமாக்கப்போகிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

நான் அவர்மேல் கை வைக்கவில்லை. மருந்தில் ஒன்றும் கலக்கவில்லை. அவ்வளவு மோசமானவன் இல்லை நான். நான் செய்தது பேரம்.

படம் எடுக்கும்போது தலை அசையக் கூடாது. அத்தானுக்குத் தாடையும் ஆடும். அதனால் மயக்க மருந்து கொடுத்து எடுப்பதாக ஏற்பாடு. மயக்க மருந்து டொக்டர் ஓர் அம்மா. அவர் வந்து, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் ஏதும் ஆனதுண்டா என்று கேட்டார். வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

விற்க மனமில்லாத சரக்கை விற்க மாட்டேன் என்று நாம் சொல்லுவோமா? சொன்னால் வாங்க வந்தவனுக்கு ஆசை கூடும். கொஞ்சம் தயங்குவோம், எடுத்த துணியைத் திரும்ப மடிப்போம். "என்ன குறை?" என்று அவனே கேட்பான். "ஒன்றுமில்லை" என்போம். அதற்குப் பிறகு அவனே வேண்டாம் என்று போய்விடுவான். அத்தான் எனக்குப் பழக்கிய வித்தை. நானும் தயங்கினேன். சொல்லலாமோ தெரியாது நோனா என்றேன். அந்த அம்மா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அப்புறம்தான், அவரே வற்புறுத்தியதால்தான், சொன்னேன். இவருடைய தம்பி ஒருத்தர் திருச்சியில் குடலிறக்க ஒப்பரேஷனுக்குப் போனார், ஊசி போட்டார்கள், உடம்பு கொதித்தது, எழும்பவே இல்லை. என்ன மருந்து என்று தெரியாது. கடதாசி எதுவும் நம்மிடம் இல்லை.

அத்தானின் உதடு அசைந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அத்தானின் வாயில் காதை வைத்தேன். "எனக்கு ஏதுடா தம்பி" என்றார் அத்தான்.

"தம்பிய நெனச்சுக் கலங்குறாரு" என்று சிங்களத்தில் சொன்னேன். அந்த அம்மா அத்தானின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

விவரம் தெரியாமல் ஒரு படத்துக்காக உயிரோடு விளையாட மாட்டேன் என்று அவர் எழுதிவிட்டார். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம் பார்த்து, முழிப்பிலேயே எடுத்துப் பார்ப்போம் என்றார்கள். சொந்தக்காரர் ஒருவர் கூட நின்றால் தைரியமாக இருக்குமாம். நான்தானே சொந்தக்காரர்.

ஸ்கேன் அறையில் நிரோஷன் என்ற டெக்னீஷியன், நம் பக்கத்துச் சின்னப் பிள்ளை, நானுஓயா. "பயப்படாதீங்க முதலாளி, சத்தம் மட்டுந்தான் பெருசா இருக்கும், தோட்டத்துல வேலைக்கு ஆள் கூப்புடப் பெரட்டுக் கொம்பு ஊதுற மாதிரி நெனச்சுக்கங்க" என்று சிரிக்கவைக்கப் பார்த்தது. அத்தானின் மோதிரம், அரைஞாண், பல்செட் எல்லாம் கழற்றி, வெளியே வைத்துவிட்டு வரச்சொல்லி என் கையில் தந்தது. தலையைச் சுற்றிப் பஞ்சு வைத்து, மேலே கிரிக்கெட் ஹெல்மெட் மாதிரி ஒரு கூட்டை மாட்டியது. அந்தக் கூட்டில் கண்ணுக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடி. குழாய்க்குள் போனாலும் அதில் கால்மாட்டில் நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம். "ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தா அவருக்கு நிம்மதியா இருக்கும்ணே" என்றது அந்தப் பிள்ளை.

மெஷின் சத்தத்துக்காக அத்தானின் காதை அடைப்பதற்கு முன்னால் நான் குனிந்தேன். "அத்தான், ஒங்களுக்குத் தம்பி இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன். எதுக்குன்னு உள்ள படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாருங்க" என்றேன். குரலை உயர்த்தவில்லை. பிறகு அந்தப் பிள்ளை காதை அடைத்தது, தட்டு உள்ளே போனது.

நான் கால்மாட்டில் நின்றேன். கண்ணாடியில் இரண்டு கண்கள். அவற்றைப் பார்த்து என் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டேன். மெதுவாக, பூனையைத் தடவுகிற மாதிரி.

மனசு கொதித்தால் நடுக்கம் கூடும் என்று கண்டியிலேயே சொல்லியிருந்தார்கள். வலது கை தட்டில் டகடகவென்று அடித்தது. தாடை ஆடியது, பஞ்சு ஆடியது. அவசரத்துக்கு அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர்ப் பந்து கொடுத்திருந்தார்கள், அதை அமுக்கிக்கொண்டே இருந்தார். நிரோஷன் மெஷினை நிறுத்தி, மைக்கில் "என்ன வேணும் முதலாளி?" என்றது. உள்ளேயிருந்து துணி உரசுகிற சத்தம். குழாய்க்குள் தலையை நீட்டிக் கூட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். "வெளிய எடுங்க. இவன வெளிய அனுப்புங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல தம்பி, சாமி பேரச் சொல்லிக்கிட்டு இருக்காரு. நீங்க எடுங்க" என்றேன்.

படம் எப்படி வந்தது தெரியுமா? ஈரத்துணியில் அச்சுப் போட்ட பூ மாதிரி. ஓரமெல்லாம் கசிந்து, ஒரு மண்டைக்குள் மூன்று மண்டை. பெரிய டொக்டர் திரையைப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு கம்பி இறக்க முடியாது என்றார். இன்னொரு தேதிக்கு வரிசையில் நிற்கவேண்டும் என்றார். நானும் வருத்தப்பட்டேன். உண்மையில் வருத்தமாகத்தான் இருந்தது. அவ்வளவு தூரப் பயணம்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். வீட்டுக்கு வந்து அவர் அக்காவிடம் சொல்லவில்லையா? சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். "என்னடா சொல்றாரு?" என்று அக்கா என்னைத்தான் கேட்பாள். "ஸ்கேனுக்குப் பயமா இருக்காம்க்கா" என்பேன். அவள் அவருக்குத் திருநீறு பூசிவிடுவாள். ஒரு கடிதம் எழுதலாமே என்பீர்கள். அந்தக் கை எழுதுமா?

இரண்டாவது தேதி வர நெடுநாள் ஆனது, அந்த அம்மா எழுதியபடி அதுவும் மயக்க மருந்து இல்லாமல்தான். அப்போது நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கால்மாட்டில் நின்று கன்னத்தில் கை வைத்தேன், அவ்வளவுதான். படம் முன்னதைவிட மோசம்.

அதற்குள் அவர் நடக்கும்போது விழத் தொடங்கியிருந்தார். தேத்தண்ணி புரையேறியது. ஒவ்வொரு முறையும் நான்தான் தாங்கிப் பிடித்தேன், நான்தான் வாய் துடைத்தேன். கடையில் வந்து போகிறவர்களெல்லாம் இப்படி ஒரு மச்சான் யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். செல்லசாமி மாமா, நீங்களும் சொன்னீர்கள்; இல்லை என்று தலையாட்டாதீர்கள்.

பிடிபட்டது என் தவறால் அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டு நம்பருக்கு எடுத்து, செத்துப்போன தம்பியின் திருச்சிக் கடதாசி ஏதாவது கிடைத்ததா என்று விசாரித்திருக்கிறாள். ஃபோனை எடுத்தது அக்கா. "எந்தத் தம்பி? அவரு ஒத்தப் புள்ளையாச்சே" என்றிருக்கிறாள்.

அன்றைக்கு அவள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தாள். என்னை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அத்தானின் வாயில் காதை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லிக் கேட்டு, பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தபோது என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று, ஏணி விஷயம். 

போன மாதம் அவளே கொழும்புக்குக் கூட்டிப்போனாள். மயக்க மருந்து கொடுத்தார்கள். படம் தண்ணீருக்குள் கிடக்கிற கூழாங்கல் மாதிரி தெளிவாக வந்ததாம். அந்தக் கடலை இரண்டு பக்கமும் அழகாகத் தெரிந்ததாம். ஆனால் மாத்திரை கொடுத்து மறுபடி சோதித்தபோது உடம்பு இளகவில்லை. விழுவதற்கும் புரையேறுவதற்கும் கம்பியால் ஒன்றும் செய்ய முடியாது, முதல் தடவையே இந்தப் படம் கிடைத்திருந்தால் செய்திருக்கலாம் என்று சொல்லி, பெரிய டொக்டர் படத்தை உறைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார். அக்காவின் மடியில் இருக்கிறதே, அந்த உறைதான்.

ஆகவே, ஆமாம். நான்தான். தெரிந்துதான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை. கன்னத்தில் விட்ட ஓர் அறைக்கு இவ்வளவா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அறையின் எடையை வாங்கினவன்தான் சொல்ல வேண்டும். இப்போது எங்களுக்குள் சரியாகிவிட்டது. எனக்கு அவர்மேல் துளிக் கோபம் கிடையாது. அவருக்கும் என்மேல் இருக்காது.

இருக்காது என்று எப்படித் தெரியும் என்கிறாரா மாமா? இதோ, அத்தானின் உதடு அசைகிறது. உங்களில் யாருக்காவது கேட்கிறதா? எனக்குக் கேட்கிறது. அக்கா, நீ பேசாதே. உனக்கு நேற்றுப் பழகிய காது. நான் சொல்கிறேன். "இவன் இருக்கட்டும், இவன விட்டா என்னைப் பாக்க ஆளில்ல" என்கிறார்.

பாருங்கள், வலது கையைக்கூடத் தூக்குகிறார். மாதக்கணக்கில் தோளுக்கு மேல் ஏறாத கை. எவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்குகிறார், என் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறார். எட்டவில்லை, நான்தான் குனியவேண்டும்.

கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், அவர் கையைப் பிடிக்காதீர்கள். என் கன்னத்தைத் தடவிக்கொடுக்கத்தான் வருகிறார்.